தீப்பட்ட தூபி

என் அப்பாவின் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் இருந்தது. பயா தகா ஊ போ தௌங். பயா என்றால் தூபி, பயா தகா என்றால் தூபி எழுப்பியவர். எங்கள் பக்கத்தில் டாக்டருக்கும் கர்னலுக்கும் கொடுக்கிற மரியாதையை விட இதற்கு ஒரு படி கூடுதல். கர்னல் ஒரு நாள் ஓய்வு பெறுவார். தூபி எழுப்பியவருக்கு ஓய்வு கிடையாது. அடுத்த பிறவிக்கும் அந்தப் புண்ணியம் கூடவே போகும்.

அந்தப் பட்டத்தைப் பிடுங்குகிற வேலை, அவர் சாகக் கிடந்தபோது என்னிடம் வந்தது. நான் கட்டடப் பொறியாளர். மாண்டலேயில் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பெண்ணைப் படிக்க வைத்து என்ன கண்டீர்கள் என்று கேட்டவர்களுக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது.

அப்பா பகானில் பழைய கோட்டைச் சுவருக்குள் பிறந்தவர். கொத்தனார். தொண்ணூறாம் வருடம் எங்கள் ஊரைப் பெயர்த்துத் தெற்கே ஒரு நிலக்கடலைக் காட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். பழைய இடத்தில் தூபிகளும் கோயில்களும் மட்டும் இருக்க வேண்டுமாம். எண்ணூறு வருடமாக இடிந்து கிடந்த செங்கல் குவியலுக்கெல்லாம் எண் எழுதிய கல் நட்டார்கள். எங்கள் வீடு இருந்த இடத்துக்கு எண் கிடையாது. அப்பா அதற்காகப் புலம்பியதில்லை. "வீடு இடிஞ்சா நஷ்டம். கோயில் இடிஞ்சா வேலை" என்பார்.

வேலை கொட்டத்தான் செய்தது. ரங்கூனிலிருந்து துணிக்கடைக்காரர்கள், மர வியாபாரிகள், லாரி முதலாளிகள் வந்தார்கள். மறைந்துபோன தூபியை மீண்டும் எழுப்பினால் புதிதாகக் கட்டிய புண்ணியம் உண்டு. ஆளுக்கொரு மேடு எடுத்துக்கொண்டார்கள். மேட்டைச் சுத்தம் செய்தால் அடித்தளம் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் மேலே ஒன்றிரண்டு படிவரிசை. அதற்கும் மேலே என்ன இருந்தது என்று கேட்க ஆள் இல்லை. அந்த மேல் பாதியைக் கட்டித் தருகிறவர் அப்பா.

அது எப்படி இருந்திருக்கும் என்று அவருக்கும் தெரியாது. ஆகவே கொடையாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"நீங்க என்ன கிழமைல பொறந்தீங்க?"

எங்களுக்குக் கிழமைக்கு ஒரு மிருகம். சனிக்கிழமைக்கு நாகம். அப்பா கணக்கில் அது உயரமாக, ஒல்லியாக ஒரு கூம்பு. திங்களுக்குப் புலி. வயிறு பெருத்த மணி வடிவம். செவ்வாய் சிங்கம் என்பதால் மணிக்கு மேலே பிடரி மாதிரி ஒரு தாமரை வளையம் வரும். புதனுக்கு யானை. காலையில் பிறந்தவர் யானைக்குத் தந்தம் உண்டு, மத்தியானம் பிறந்தவருக்குக் கிடையாது. அதற்கேற்ப முகப்பு நீளும், குறையும். இப்படித்தான் எங்கள் மண்ணில் மறைந்த தூபிகள் மறுபடி தலை தூக்கின. ஏதோ ஓர் அரசி எதை நினைத்துக் கட்டினாளோ அது போய், துணிக்கடைக்காரர் மனைவியின் பிறந்த கிழமை வானத்தில் நின்றது. கல்லூரியில் தூபி வடிவங்களின் வளர்ச்சி பற்றிப் பாடம் நடந்தபோது எனக்கு ஒரு சந்தேகம் கேட்கத் தோன்றியது. குடும்ப மானம் கருதி கையைத் தூக்கவில்லை.

பழைய சுண்ணாம்புச் சாந்தின் மேல் அப்பா சிமென்ட் போட்டார். "ஏம்ப்பா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"சுண்ணாம்பு காயறதுக்குள்ள கொடையாளிக்கு வயசாயிடும். புண்ணியம் சீக்கிரம் காயணும்."

வேலை முடிந்ததும் சலவைக்கல்லில் கொடையாளி பெயர் பதிப்பார்கள். அன்றிலிருந்து அந்த ஆள் பயா தகா. தூபியைக் கையால் கட்டியவர் அப்போதும் வெறும் கொத்தனார்தான். டீக்கடையில் அப்பாவின் சிநேகிதர் ஊ பே சீ இதைச் சொல்லிச் சொல்லியே வெறுப்பேற்றுவார். அவர் சுற்றுலாப் பயணிகளுக்குக் குதிரை வண்டி ஓட்டுகிறவர். அவர் குதிரையை விட அவர் வாய்க்கு ஓட்டம் அதிகம்.

"ஊருக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வெச்ச தரகன் நீ. உனக்குப் பொண்ணு கெடைக்கலியே, போ தௌங்!"

அப்பா சுருட்டை இழுத்துக்கொண்டு சிரிப்பார். வீட்டுக்கு வந்து சிரிக்க மாட்டார்.

கடைசியில் அப்பாவுக்கே ஒரு மேடு கிடைத்தது. பனந்தோப்பைத் தாண்டி, நிலக்கடலைக் காட்டின் ஓரம். எந்தக் கொடையாளியும் வேண்டாம் என்று ஒதுக்கியது. எண் கல் இருந்தது, கடைசிக் கடைசியாக நட்டவற்றில் ஒன்று. அடித்தளம் நீள்வட்டமாக இருந்தது. செங்கற்கள் கறுத்துக் கோணிப் போயிருந்தன. சில கண்ணாடி மாதிரிப் பளபளத்தன. அப்பா நாலு பக்கமும் சுற்றி வந்து தீர்ப்புச் சொன்னார்.

"இது தீப்பட்டது. எதிரிப் படை கொளுத்தியிருக்கான்."

எந்த எதிரி, எந்தப் படை என்பதெல்லாம் பிறகு சேர்ந்துகொண்டது. சில மாதங்களில் அந்தக் கதைக்குள் ஓர் அரசி வந்தாள். அவள் தீயில் நின்றுகொண்டு தூபியைக் கட்டிப்பிடித்தாள். யாத்திரை வந்த பெண்கள் அதைக் கேட்டு அழுதார்கள். அப்பாவுக்கும் கண் கலங்கும். இட்டுக்கட்டியவரே அழுதால் கேட்கிறவர் அழாமல் என்ன செய்வார்?

உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் தோண்டிப் பார்க்கவில்லை. தூபியின் வயிற்றைக் கிழிக்கிறவன் புதையல் திருடன். அந்தப் பாவத்தை எங்கள் ஊரில் ஒரு கொத்தனாரும் செய்ய மாட்டான். மேலே கட்டினார், அவ்வளவுதான். அவர் வியாழக்கிழமை பிறந்தவர். வியாழனுக்கு எலி. எலிக்கு என்ன வடிவம் என்று பல நாள் யோசித்தார்.

அம்மா சொன்னாள், "எலிக்கு வளைதான். ஒரு ஓட்டை போட்டு விட்டுடுங்க."

கடைசியில் குட்டையாக, உருண்டையாக, மூக்கு மட்டும் கூர்மையாக ஒன்று எழுந்தது. உச்சியில் ஏற்றும் பொன் குடைக்கு அம்மா தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தவர்கள் அதைத் தானம் என்று சொல்ல மாட்டார்கள். குடை ஏற்றிய அன்று மேளம், சங்கு, ஊர் முழுக்க மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா விருந்து. மறுநாள் காலை அப்பா டீக்கடைக்கு மெதுவாக நடந்து போனார். பயா தகா வேகமாக நடக்கக் கூடாது என்று யார் சொன்னார்களோ தெரியாது. அம்மாவுக்கும் பட்டம் உண்டு. அவள் அதைப் பேருந்தில் இடம் பிடிக்க மட்டும் பயன்படுத்தினாள்.

இருபது வருடம் போயிற்று. அப்பாவுக்கு நுரையீரல் கெட்டது. பாதி செங்கல் தூசி, பாதி சுருட்டு. டாக்டர் சுருட்டை மட்டும் நிறுத்தச் சொன்னார். தூசியை நிறுத்த வழியில்லை, அது உள்ளே குடியேறிவிட்டது.

இரண்டாயிரத்துப் பதினாறு ஆகஸ்டில் பூமி குலுங்கியது. பகானின் பழைய சுவர்கள் பெரும்பாலும் நின்றன. புதிய தலைகள் விழுந்தன. அவற்றில் அப்பா கட்டியவை நிறைய. விழுந்தவை சிதறவும் இல்லை, முழுசு முழுசாக இறங்கி உட்கார்ந்திருந்தன. சிமென்ட் அவ்வளவு நல்ல சிமென்ட். பழைய செங்கலோடு ஒட்டத்தான் மறுத்துவிட்டது. நாகமும் புலியும் யானையும் கடலைக் காட்டில் குப்புறக் கிடந்தன.

சேதம் பார்க்க மாண்டலேயிலிருந்து ஒரு குழுவை அனுப்பினார்கள். அதில் நானும் ஒருத்தி. தூபி வளாகத்தில் செருப்போடு நடக்கக் கூடாது. நாங்கள் தலையில் பாதுகாப்புத் தொப்பியும் காலில் ஒன்றுமில்லாமலும் உடைந்த செங்கல் மேல் நடந்தோம். தலைக்கு இருந்த பாதுகாப்பு காலுக்கு இல்லை. பொறியியல் பக்திக்கு வழி விட வேண்டிய இடம் அது.

தன் வீட்டுக் கட்டடத்தைத் தானே சோதிக்கக் கூடாது என்பது விதி. ஆள் பற்றாக்குறை என்பதும் விதி. பனந்தோப்புப் பக்கம் என் பங்கில் வந்தது.

அப்பாவின் எலி நின்றுகொண்டிருந்தது. குடைகூட ஏறியபடியே. ஆனால் வடக்குப் பக்கம் மேலிருந்து கீழ்வரை பிளந்து, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. என்னோடு வந்த தொல்லியல் பெண் வூட் யீ விளக்கை அடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்ன தெரியுது? உள்ளறை இருக்கா?"

"அக்கா, உள்ளறை இல்ல. அடுப்பு வாய் இருக்கு."

நான் தலையை விட்டுப் பார்த்தேன். வளைவான சுரங்க வழி. சாம்பல். உருகி ஒன்றோடொன்று ஒட்டிப் போன செங்கற்கள். அடுக்கி வைத்துச் சுட்டு, ஏதோ காரணத்தால் எடுக்காமல் விட்ட வரிசை ஒன்று அப்படியே. நான் பார்த்த முதல் பழங்காலச் சூளை இதுதான் என்றாலும் பள்ளிப் பையனுக்கும் புரியும்.

"அக்கா, இது சூளை!" வூட் யீ என்னைக் கட்டிக்கொண்டாள். "ஆயிரக்கணக்குல தூபி இருக்கு. அத்தனைக்கும் செங்கல் எங்க சுட்டாங்கன்னு கேட்டா கைய விரிக்கணும். இது தூபிய விட அபூர்வம், தெரியுமா? மேல எவனோ ஒருத்தன் உருண்டையா ஒண்ணக் கட்டி வெச்சிருக்கான், அத எறக்கிட்டா முழுசாத் தோண்டலாம்!"

"அந்த எவனோ எங்கப்பா."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

என்னிடம் இருந்த கேள்வி எளியது. மேல் பாதி சாய்ந்திருந்தது. அதன் கீழே கடலைக் காட்டுக்குப் போகிற பாதை. பாதுகாப்பில்லை, இறக்க வேண்டும் என்று நான் கையெழுத்துப் போட்டால் துறை இறக்கிவிடும். இறக்கினால் தூபி இல்லை. தூபி இல்லாவிட்டால் அப்பா ஊ போ தௌங் மட்டும்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். சொன்னது இப்படித்தான் வந்தது.

"அப்பா, அது தூபி இல்ல. சூளை."

அவர் படுக்கையில் சாய்ந்து பனைவெல்லம் சப்பிக்கொண்டிருந்தார். சுருட்டுக்குப் பதில் அது.

"சூளையா?"

"செங்கல் சுடற சூளை."

"தீப்பட்டதுன்னு நான் சொன்னேன்ல."

"சொன்னீங்க. ஆனா கொளுத்துனது எதிரி இல்ல. செங்கல் சுடறவன்."

வெல்லத்தை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளினார். "அரசி?"

"அரசி இல்லப்பா."

"இருபது வருஷமா ஊரே சூளையக் கும்பிட்டிருக்கு" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "சூளைக்கு என் வளையல் போச்சு. இங்க ஒரு அடுப்பு பொகஞ்சிக்கிட்டே கெடக்கு, அதுக்கு ஒரு பொகக் குழாய் வாங்கித் தந்தாரா இந்த மனுஷன்?"

அப்பா சிரிக்கப் போனார். இருமலாகப் போயிற்று. இருமல் அடங்கியதும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மறுநாள் விசாரிக்க வந்தவர்கள் வாசலில் "பயா தகா எப்படி இருக்கார்?" என்று கேட்டதும் கதவைச் சாத்தச் சொன்னார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. சாப்பாடும் குறைந்தது. அவர் ஒருமுறைதான் என்னிடம் அதைப் பற்றிப் பேசினார்.

"நான் போனப்புறம் பத்திரிகைல போடுவீங்கல்ல. பேருக்கு முன்னாடி என்ன போடுவீங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்குப்பா."

"எப்பக் கேக்கறது? பெறகு எனக்குக் கேக்க வராது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். "நுவே, இறக்கச் சொல்ற உன் கையெழுத்த நான் போற வரைக்கும் தள்ளிப் போடு. அதிக நாள் ஆகாது."

நான் ஆறுதலாக ஒன்று சொன்னேன். அந்தச் சூளையில் வெந்த செங்கல்தான் சுற்றியிருக்கிற அத்தனை தூபிக்கும் போயிருக்கும், யோசித்துப் பார்த்தால் அவை எல்லாவற்றிலும் உங்களுக்குப் பங்கு உண்டு என்றேன்.

"எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி எவனோ சுட்டதுல எனக்கு என்ன பங்கு? கணக்குப் படிச்சவ மாதிரிப் பேசு."

கணக்குப் படித்தவள் மாதிரியே நடந்துகொண்டேன். கையெழுத்துக்குப் பதில் மூங்கில் முட்டுக் கொடுத்தேன். பகான் வரலாற்றிலேயே அவ்வளவு கணக்குப் போட்டு நட்ட மூங்கில் வேறு இருக்காது. சாய்வு, எடை, காற்று, ஈர மண் எல்லாவற்றையும் சேர்த்தேன். அதற்கு மேல் கொஞ்சம் பாசத்தையும் சேர்த்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. பாதையில் கயிறு கட்டி, போகாதீர்கள் என்று பலகை வைத்தேன். தற்காலிக ஏற்பாடு என்று மேலே எழுதி அனுப்பினேன். வூட் யீ காத்திருந்தாள். எண்ணூறு வருடம் காத்திருந்த சூளைக்கு ஒரு கொத்தனார் சாவதற்குள் என்ன அவசரம் என்று நானும் நினைத்தேன்.

அவசரம் மழைக்கு இருந்தது. செப்டம்பர் கடைசியில் ஒரு மத்தியானம் கொட்டியது. கடலை பிடுங்க வந்த பெண்கள் கயிற்றைத் தாண்டி, தூபி ஓரம் ஒதுங்கியிருந்தார்கள். பயா தகா கட்டினது, அது நம்மை ஒன்றும் செய்யாது என்று ஒருத்தி சொன்னாளாம். மழை விட்டு அவர்கள் எழுந்து காட்டுக்குள் இறங்கியதும் கிழக்குத் தோள் முழுசாக வந்து விழுந்தது. பாதையில் வைத்திருந்த டீக் கெட்டிலும் ஒரு கூடைக் கடலையும் அடியில் போயின. மனிதர்களுக்கு ஒன்றுமில்லை. என் கணக்குப்படி அது நிற்க வேண்டும். செங்கல் என் கணக்கைப் படித்திருக்கவில்லை.

செய்தியை ஊ பே சீ வந்து சொன்னார். மூடிய கதவை அவர் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"டேய், உன் எலி நாலு பொம்பளைங்களத் தின்னப் பாத்துச்சு. கெட்டிலோட விட்டுருச்சு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வண்டியப் பூட்டு" என்றார் அப்பா.

"எங்க?"

"நான் போய்ப் பாக்கணும்."

அம்மா வேண்டாம் என்றாள். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வண்டியில் தலையணை வைத்தாள். குதிரை வழக்கத்தை விட மெதுவாகப் போயிற்று. அதற்கும் விஷயம் தெரியும் போல.

வளாகத்து ஓரம் வண்டி நின்றது. ஊ பே சீ இறங்கி, காலைப் பார்த்தார், தூபியைப் பார்த்தார்.

"செருப்பக் கழட்டணுமா, வேண்டாமா? சூளைக்கு எந்த ஊர்லயும் கழட்டறதில்ல."

"குடை மேல இருக்குல்ல? கழட்டு" என்றார் அப்பா.

கழற்றினோம். அப்பாவை நானும் ஊ பே சீயும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிளவுக்கு அருகே கொண்டுபோனோம். வூட் யீ விளக்கைப் பிடித்தாள். அப்பா சுரங்க வழியைப் பார்த்தார், சாம்பலைப் பார்த்தார். கையை விட்டு, உருகி ஒட்டிய இரண்டு செங்கல்லைத் தொட்டுத் தடவினார். வாழ்நாள் முழுக்கச் செங்கல் பிடித்த கை. அடையாளம் கண்டுகொள்ள ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை இருபது வருடம் கழித்துத்தான் கொடுத்தார்.

"அடுக்கினவன் சரியில்ல" என்றார். "இடைவெளியே விடல. நெருப்பு மேல போகாம கீழயே நின்னுருச்சு. அதான் இப்படி ஒட்டிக்கிச்சு. மொத்தம் வீண். அதான் எடுக்காம விட்டுட்டு ஓடிட்டான்."

"அவனும் உன்ன மாதிரி ஆளுதான்" என்றார் ஊ பே சீ. "அவன் கெடுத்தான், நீ அதுக்கு மேல கோயில் கட்டுன. இனிமே உனக்குப் பயா தகான்னு யாரு சொல்லுவா? சூளை தகா! சூளை தகா ஊ போ தௌங்!"

வூட் யீ பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நானும் பயந்துதான் போனேன். அப்பா தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். இருமல் வரும் வரை சிரித்தார், இருமல் முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தார்.

"இன்னொரு தடவ சொல்லு."

"சூளை தகா."

"ரங்கூன்காரன் எவனுக்கும் இந்தப் பட்டம் கெடையாதுல்ல?"

"எவனுக்குக் கெடைக்கும்? இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்குத் துட்டும் வேணும், மூளை இல்லாமலும் இருக்கணும்."

இறக்குவதற்கு அப்பாவே ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. ஏற்றும்போது மேளம் அடித்தோம், இறக்கும்போதும் அடிக்க வேண்டும். மடத்துத் தலைமைப் பிக்கு சயாடோவிடம் போய்க் கேட்டேன். தூபியை இறக்குவது பெரும் பாவம், சூளையை இறக்குவது என்ன என்று அவரும் கொஞ்சம் தடுமாறினார். முதலில் பிரார்த்தனை செய்து குடையை இறக்குங்கள், அதை மடத்தில் வைத்துக்கொள்கிறேன், குடை போன பிறகு அது செங்கல் என்றார். எங்கள் குழுவின் நிபந்தனைகளில் எதுவும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

குடை இறக்கிய அன்று ஊரே வந்தது. விருந்து உண்டு என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கூட்டத்தில் ஒரு பெண் அப்பாவிடம் நேராகவே கேட்டாள்.

"அன்னிக்கு நாங்களும் செங்கல் சுமந்தோம், தண்ணி எடுத்தோம். எங்க புண்ணியம் என்ன ஆச்சு?"

"அன்னிக்கு மொஹிங்கா சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"அதுல இருந்த மீன் நெசம். அதோட நேர் பண்ணிக்க."

மேளம் அடித்தது. சாரத்தில் ஏறிய இரண்டு பேர் குடையைக் கழற்றித் துணியில் சுற்றிக் கயிற்றில் இறக்கினார்கள். சயாடோ ஓதி முடித்தார். கூட்டம் அப்படியே நின்றது, வெறுங்காலோடு. என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பா வண்டியில் உட்கார்ந்தபடி அம்மாவிடம் கையை நீட்டினார். அவள் செருப்பைக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டு, எங்களைத் தள்ளிவிட்டு, தானாகவே சில அடி நடந்து, தான் கட்டிய படிவரிசை மேல் செருப்புக் காலை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். வேறு யாரும் செருப்புப் போடவில்லை. எனக்கும் முடியவில்லை. என் பாதுகாப்புக் காலணி வண்டிக்குள்ளேயே கிடந்தது.

அன்று மாலை கையெழுத்துப் போட்டேன். முதல் வாரமே போட்டிருந்தால் ஒரு கெட்டில் மிஞ்சியிருக்கும். அப்பா சிரித்திருப்பாரா என்று தெரியாது. இரண்டையும் ஒரே சமன்பாட்டில் வைக்க எனக்குச் சொல்லித் தரவில்லை.

அதற்குப் பிறகு அவர் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. வந்தவர்கள் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று திணறினால் அவரே எடுத்துக் கொடுத்தார். பழைய பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். காது கேட்கவில்லை என்று பாவனை. சூளை தகா என்றால் உடனே தலை திரும்பும். அரசி கதையை மட்டும் விடவில்லை. அவள் இப்போது சூளைக்காரனின் பெண்டாட்டி ஆகிவிட்டாள். செங்கல்லைக் கெடுத்ததற்காக அவனைத் தீக்கு முன் நிறுத்தி வைத்துத் திட்டினாள். திட்டுகிற வசனங்கள் பெரும்பாலும் அம்மாவுடையவை.

அக்டோபரில், விளக்குத் திருநாளுக்கு நான்கைந்து நாள் முன்பு, காலையில், வெல்லம் கேட்டார். அம்மா எடுத்து வருவதற்குள் போய்விட்டார். வாயில் வைக்க எடுத்த கட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பிசுபிசுத்துப் போன பிறகு நான்தான் வாங்கினேன்.

பத்திரிகை அறிவிப்பில் பெயருக்கு முன்னால் ஒன்றும் போடவில்லை. ஏதாவது போடவா என்று அச்சகத்தில் கேட்டார்கள், வேண்டாம் என்றேன். ஊ போ தௌங், கொத்தனார், வயது, ஊர், அடக்கம் செய்யும் நேரம். என் தொழிலில் இதைத்தான் நல்ல அறிக்கை என்பார்கள். வீட்டில் அதைப் படித்தபோது வேறு யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது.

ஏழாம் நாள் பிக்குகளுக்கு அன்னம் கொடுத்துப் புண்ணியத்தைப் பகிர வேண்டும். இறந்தவர் அதுவரை வீட்டைச் சுற்றித்தான் இருப்பார். பெயரைச் சொல்லி அழைத்துப் பங்கு கொடுத்தால் கேட்டு, நன்று என்ற பொருளில் சாது என்று சொல்லிவிட்டு, தன் வழியில் போவார். கேட்காவிட்டால் போக மாட்டார். நான் இதை நம்புகிறேனா என்று யாரும் கேட்கவில்லை. பொறியாளரிடம் கேட்கிற கேள்வி அல்ல அது. பாத்திரமும் கிண்ணமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புண்ணியத்தைப் பகிர்வதற்கு அடையாளமாகத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவது என் வேலை.

சயாடோ விசிறியை எடுத்தார். "எந்தப் பேரச் சொல்ல?"

கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பயா தகா என்று சொன்னால் பொய். வெறும் பெயர் என்றால் அது பத்திரிகையில் செத்த ஆள். கூடத்து ஓரத்தில் ஊ பே சீ தலையைக் குனிந்துகொண்டார். அவர் வைத்த பட்டத்தைச் சயாடோ முன்னால் எடுக்க அவருக்கே தைரியம் இல்லை. நான் கிண்ணத்தைச் சரி செய்து வைத்தேன்.

"சூளை தகா ஊ போ தௌங்னு சொல்லுங்க சயாடோ" என்றாள் அம்மா. "வேற பேரச் சொன்னா அந்த மனுஷன் திரும்ப மாட்டார்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். சயாடோ சிரிக்கவில்லை. தெளிவாக, நிறுத்தி, அந்தப் பெயரைச் சொன்னார். நான் தண்ணீர் ஊற்றினேன். சொட்டுச் சொட்டாக வராமல் கொஞ்சம் வேகமாகப் போய்விட்டது. எல்லோரும் மூன்று முறை சாது சொன்னார்கள். அவர் சொன்னாரா என்று அளக்க என்னிடம் கருவி இல்லை. அம்மா மட்டும் வாசல் பக்கம் பார்த்து, சரி, போயிட்டு வாங்க என்றாள்.